அதுவும் நானும் மேல்நானும்

யாராவது "அவனுக்கு ஈகோ ஜாஸ்தி" என்று சொன்னால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வருகிறது. ஈகோ என்றால் திமிர் இல்லை. ஈகோ என்றால் 'நான்'. லத்தீனில் அதற்கு அவ்வளவுதான் பொருள். இதை எடுத்துச் சொன்னால், "உங்களுக்கே ஈகோ வந்துடுச்சு ஆன்ட்டி" என்று பக்கத்து வீட்டுப் பெண் சிரிக்கிறாள். சரி, சிரிக்கட்டும். அந்தச் சொல்லுக்கும் அதன் கூடப்பிறந்த இரண்டு சொற்களுக்கும் தமிழ் தேடி நான் மண்டையை உடைத்துக்கொண்டதும், அதே மாதங்களில் என் அக்கா புருஷனின் வலது கை செத்துப்போனதும் இவளுக்கு எங்கே தெரியும்?

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக் இருந்தது. காலையில் காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு. சாயங்காலத்தில் மனக் கோளாறு. காலையில் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். சாயங்காலம் ஈ ஓட்டுவோம். ஜன்னலைத் திறந்தால் ரயில்வே யார்டிலிருந்து கரித்தூள் வந்து டைப் மிஷின் மேல் உட்காரும். மூடினால் புழுக்கம். நான் திறந்து வைப்பேன், அவர் மூடுவார். எங்கள் சண்டைகளில் பாதி அதைப் பற்றித்தான்.

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பினாங்கில் பிறந்து வளர்ந்து, லண்டனில் படித்துவிட்டு, என்ன காரணத்தாலோ எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய தமிழ் மரியாதையான தமிழ். எங்கள் ஜனங்களோ "தலீக்குள்ள கிர்ருனு கீது டாக்டரு, ஒரே பேஜாரு" என்பார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் இங்கிலீஷில் சொல்வேன். டைப் அடிக்கச் சேர்ந்தவள் துபாஷி வேலையும் பார்த்தேன்.

அவருக்கு ஒரு பித்து இருந்தது. வியன்னா நகரத்து டாக்டர் ஒருவர் மனசை மூன்று பங்காகப் பிரித்துச் சொன்னதைப் பாமர ஜனங்களுக்குத் தமிழில் விளக்கி ஒரு சிறு புத்தகம் போட வேண்டும் என்பதுதான் அது. இங்கிலீஷ் புத்தகங்களில் அந்த மூன்றுக்கும் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று பெயர். இவற்றுக்குத் தமிழ் வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதர் ஒருவரைக் கேட்டார். அவர் இச்சா சக்தி, அகங்காரம், அதி அகங்காரம் என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மென்றபடி கீழே இறங்கிப் போனார்.

"இது நல்லா இருக்குதா, மிஸ்?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"அதி அகங்காரம்னா எங்க தெருவுல ரேஷன் கடைக்காரனைத்தான் நினைப்பாங்க, டாக்டர்."

அவர் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அந்த வியன்னாக்காரர் லத்தீனே எழுதவில்லையாம். தன் பாஷையில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த வார்த்தைகளைத்தான் எடுத்திருக்கிறார். 'முறுக்கை யார் தின்றது?' என்று கேட்டால் அங்கே ஒரு குழந்தை 'இஹ்' என்று சொல்லும். அதுதான் 'நான்'. மழை பெய்வதைச் சொல்லும்போதும், பெயர் தெரியாத ஒன்றைச் சொல்லும்போதும் அவர்கள் 'எஸ்' என்பார்கள். அதுதான் 'அது'. அந்த 'அது'கூட அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. இன்னொரு டாக்டர் அதை ஏற்கெனவே புழங்கியிருக்கிறார். மனிதன் தன் வாழ்க்கையைத் தானே நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான், உண்மையில் உள்ளே இருக்கும் 'அது'தான் அவனை நடத்துகிறது என்பது அந்த மனிதருடைய கட்சி. அவரிடமிருந்து இவர் வாங்கிக்கொண்டார். மூன்றாவது, 'நானு'க்கு மேலே உட்கார்ந்து நானையே வேவு பார்ப்பது. அதற்கு 'மேல்நான்' என்று பெயர் வைத்தார். இங்கிலீஷில் கொண்டுவந்தவர்கள் வைத்தியர்களுக்கு ஏற்ற கௌரவம் வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ, லத்தீனைப் போட்டுவிட்டார்கள்.

எனக்குக் கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. ஈகோ என்ற சொல்லை நான் ஏழு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர்கள். பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து முடித்ததும் சாமியார் லத்தீனில் மன்னிப்புக் கொடுப்பார். அந்த வாக்கியம் ஆரம்பிப்பதே அந்தச் சொல்லில்தான். நான் உன்னை மன்னிக்கிறேன் என்று அர்த்தம். அதில் திமிர் எங்கே இருக்கிறது?

அப்படியே தமிழில் வைத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். அது, நான், மேல்நான். நமக்கும் கோபம் 'வருகிறது', ஆசை 'வருகிறது'. எங்கிருந்தோ அது வருகிறது, நாம் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம். ஆனால் மூன்றாவதில் எனக்குத் திருப்தி இல்லை. மனச்சாட்சி என்று இருக்கும்போது மேல்நான் எதற்கு?

"மனச்சாட்சி பேசினா நமக்குக் கேட்கும், மிஸ். இது பாதி நேரம் நமக்குத் தெரியாமலே தண்டனை கொடுக்கும். சாட்சி இல்ல. ஜட்ஜும் அதுதான், அடிக்கிற போலீஸும் அதுதான்."

எனக்குப் பிடிபடவில்லை. வார்த்தை விளையாட்டு என்று நினைத்தேன்.

மாமாவின் கை விழுந்தது அந்தச் சமயத்தில்தான். அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் அவருக்கு சிக்னல் வேலை. சரக்கு, கப்பலின் அடிக்கிடங்கில் கிடக்கும். அதைத் தூக்கும் விஞ்சை ஓட்டுகிறவனுக்குக் கிடங்கின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கிடங்கு வாயின் ஓரத்தில் ஒருவன் நின்று, கீழேயும் பார்த்து மேலேயும் பார்த்து, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே சொல்ல வேண்டும். சத்தத்தில் வாய் உதவாது. அந்த ஒருவன்தான் மாமா. இதை நான் ஒருமுறை டாக்டரிடம் சொல்லியிருந்தேன். கீழே இருப்பவன் கத்துகிறான், மேலே அதிகாரி அதட்டுகிறான், நடுவில் நிற்பவன் இருவருக்கும் பதில் சொல்கிறான் என்றதும், "நான் என்பது இதுதானே!" என்று துள்ளினார். புத்தகத்தில் போடப் போவதாகச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை. அவர் என் அக்கா புருஷன், உதாரணம் இல்லை.

மாமாவுக்கு ஒரு தோஸ்து இருந்தார். காசிமேட்டு மீனவக் குடும்பம். கடலுக்குப் போவதை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தவர். இருவரும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பார்கள். அந்த வருஷம் மேஸ்திரி வேலை காலியானது. எல்லோரும் மாமாவுக்குத்தான் என்று நினைத்தார்கள், அக்கா மாதா கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றிவிட்டு வந்தாள். காண்ட்ராக்டர் அதைத் தோஸ்துக்குக் கொடுத்தார். மாமா வெளியில் ஒன்றும் சொல்லவில்லை. தோஸ்தின் முதுகில் தட்டிச் சிரித்தார். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், சரக்கு தூக்கும்போது கயிறு அறுந்து, கிடங்கில் நின்றுகொண்டிருந்த அந்தத் தோஸ்தின் மேலேயே மூட்டைகள் விழுந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

மாமா அன்று நன்றாகத்தான் இருந்தார். அடக்கத்துக்குப் போனார், குழி தோண்டவும் கை கொடுத்தார். பிறகு காண்ட்ராக்டர் கூப்பிட்டு, "இனிமே நீதான் மேஸ்திரி" என்று செத்தவரின் விசிலை நீட்டினார். வாங்குவதற்குக் கை நீளவில்லை. வலது கை தோளிலிருந்து அப்படியே தொங்கிவிட்டது.

காண்ட்ராக்டரின் டாக்டர் பார்த்தார். எலும்பு சரி, நரம்பு சரி, ஆள் நடிக்கிறான் என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் பக்கவாதம் என்றார்கள், செய்வினை என்றார்கள், ஒரு புண்ணியவதி கீழ்ப்பாக்கம் என்றாள். காண்ட்ராக்டர் ஈஸ்டர் வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் கை வராவிட்டால் துறைமுகத்துக்குள் போகும் பாஸைப் பிடுங்கிவிடுவார். பாஸ் போனால் அக்காவும் அவளுடைய நாலு பிள்ளைகளும் தெருவில் நிற்க வேண்டியதுதான். கையில்லாத சிக்னல்காரனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? அக்கா என்னிடம் வந்து, "உன் டாக்டர் என்னமோ மனசுக்கு வைத்தியம் பாக்குறாராமே, இவர இட்டுகினு போயேன்" என்றாள். கை கெட்டதற்கு மனசுக்கு வைத்தியமா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் அழைத்துப் போனேன்.

கிளினிக்கின் உள்ளறையில் ஒரு பெஞ்சும் அதன்மேல் ஒரு மெத்தையும் இருந்தன. வந்தவர் அதில் படுத்துக்கொண்டு மனசில் வருவதையெல்லாம் பேச வேண்டும். டாக்டரின் முகம் அவருக்குத் தெரியக்கூடாது என்பது அந்த வைத்தியத்தின் சட்டம். அதற்காக ஏலத்தில் ஒரு பிரம்புத் தட்டியை எடுத்து வந்து தலைமாட்டில் நிறுத்தியிருந்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் அவரும், பக்கத்தில் நானும். அதுவரைக்கும் வந்தவர்களில் ஒரு துணிக்கடை பாய், ஒரு ரயில்வே குமாஸ்தா, தண்டையார்பேட்டைப் பட்டறைக்காரர் ஒருவர். அவர்கள் ஜாலியாகப் படுத்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் அடிப்பார்கள். பட்டறைக்காரர் குறட்டையே விடுவார்.

"நான் பக்கத்துல உக்காந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமா மாமா?" என்று முன்கூட்டியே கேட்டேன்.

"உன் முன்னாடி இன்னா பாப்பா வெக்கம்? நீ எங்கூட்டுப் பொண்ணு" என்றார்.

வாசலில் "வணக்கம் டாக்டரு" என்று சொன்ன அதே மனிதர், உள்ளே வந்து தட்டியைப் பார்த்ததும் இடது கையால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு முழங்கால் போட்டுவிட்டார். டாக்டர் எழுந்து போய், படுத்துக்கொள்ளலாம் என்றார். படுத்தார். ஆனால் குரல் மாறிவிட்டது. கப்பல் சங்கு மாதிரி பேசுகிற ஆள், கிசுகிசுவென்று ஆரம்பித்தார்.

"சாமி, பூச காணல சாமி, ஒரு ஞாயித்துக்கெழம. பொய் சொன்னேன் சாமி. பொறாம பட்டேன்." பிறகு, "என் தோஸ்த நான்தான் சாமி கொன்னேன்" என்றார்.

நான் இங்கிலீஷில் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. டாக்டருக்கே புரிந்துவிட்டது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எப்படி?" என்று தட்டியின் வழியாகக் கேட்டார்.

"மனசார கொன்னேன் சாமி. அவன் ஒழியணும்னு இருந்தேன். ஒழிஞ்சான். நான்தான்."

எழுந்து உட்கார்ந்து, எதற்கோ காத்திருப்பவர் மாதிரி தட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் மறுபடி வரச்சொன்னார். மறுமுறையும் அதே வரிசை, அதே கிசுகிசு, அதே 'நான்தான்'. சிக்னல் என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "சாக்கு சொல்லக்கூடாது சாமி" என்றார்.

மாமா போன பிறகு டாக்டர் என்னிடம், "அவர் வேணும்னே தப்பான சிக்னல் கொடுத்திருப்பாரா, மிஸ்? அப்படின்னா நான் யாருக்காவது சொல்லியாகணுமா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் மேஜை மேல் இருந்த பேப்பர்கள் எல்லாம் கீழே விழுந்தன. ஒரு எறும்பைக்கூட நசுக்காத மனிதர் அவர் என்று கத்தினேன். டாக்டர் மெதுவாக, "எறும்பை நசுக்காதவங்கதான் இந்த பெஞ்சுக்கு வர்றாங்க" என்றார். அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? கை வருமா என்று கேட்டுக் கேட்டு அவள் என்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் தொட்டியின் பக்கத்தில் முழங்கால் போட்டேன். சாமியார் உட்காரும் அந்த மரக்கூண்டுக்குத் தொட்டி என்றுதான் பேர். கண்ணுக்கு நேரே பிரம்புப் பின்னல். அதற்குப் பின்னால் ஒரு காது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. "என் முதலாளியைப் பகைத்தேன், சாமி" என்றேன். உண்மையில் என்ன நடந்தது? டாக்டர் மாமாவைச் சந்தேகப்பட்டார், நான் கத்தினேன். நியாயமான கோபம். ஆனால் அதில் அவர் பங்கைச் சொல்லக்கூடாது, காரணம் சொல்லக்கூடாது. ஞானோபதேச வகுப்பில் அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உன் குற்றத்தை மட்டும் சொல், பிறத்தியார் குற்றத்தை இழுக்காதே, நினைத்தாலும் செய்தது மாதிரிதான். இந்த ஊரில் பிறந்த ஒவ்வொரு கத்தோலிக்கப் பிள்ளைக்கும் பிரம்புப் பின்னலைக் கண்டாலே வாய் அப்படித்தான் பேசும். கிளினிக்கின் தட்டி நினைவுக்கு வந்து, முழங்காலில் நின்றபடியே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியார் கொடுத்த அபராத ஜெபம் என்ன என்றுகூட எனக்குக் காதில் விழவில்லை. அவரை மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை டாக்டரிடம், "அந்தத் தட்டியைத் தூக்கிப் போடுங்க" என்றேன்.

அவர் அந்த வைத்தியத்தின் சட்டத்தைச் சொன்னார். நான் எங்கள் வேதத்தின் சட்டத்தைச் சொன்னேன். மாமா வாசலில் டாக்டரு என்கிறார், உள்ளே வந்தால் சாமி என்கிறார், அது மரியாதைக்காகச் சொல்வது இல்லை என்று விளக்கினேன். கடைசியில் அவர் எதற்காகக் காத்திருந்தார் தெரியுமா, நீங்கள் லத்தீனில் மன்னிப்புக் கொடுப்பீர்கள் என்றுதான் என்றேன். டாக்டரே தட்டியின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறு முனையைப் பிடித்தேன். மொட்டைமாடியில் கொண்டுபோய்ப் போட்டோம். நல்ல மனிதர். தப்பு என்று தெரிந்தால் வளவளவென்று பேச மாட்டார்.

அந்த வாரம் மாமாவை பெஞ்சில் படுக்க வைக்கவில்லை. வெளியறையில், மேஜைக்கு எதிரில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தோம். இடது கையால் டம்ளரைப் பிடித்து உறிஞ்சினார். வலது கை மடியில் கிடந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன். டாக்டர் மூடவில்லை.

"டீக்கடையில கேக்கிற மாதிரி கேக்கிறேன். அன்னைக்கு என்ன நடந்தது?" என்றார் டாக்டர்.

மாமா என்னைப் பார்த்தார். "சொல்லுங்க மாமா, சாக்கு சொன்னாலும் பரவாயில்ல" என்றேன்.

"இன்னாத்த சொல்றது டாக்டரு? அந்தாளு கீழ நிக்கக்கூடாது. மேஸ்திரின்னா மேல நின்னுகினு வேல வாங்கணும். இவன் கீழ எறங்கி மூட்டய தள்ளிகினு கீறான். எவ்ளோ தபா சொன்னேன், ஏறு மேல, ஏறு மேலன்னு. கேட்டாதானே? கயிறு ஒரு மாதிரி கீதுன்னு நான் ரெண்டு நாளாவே சொல்லிகினு இருந்தேன். மாத்தல. பாரம் பாதி வரசொல்லோ பிரி வுட ஆரம்பிச்சிச்சு. நிறுத்துன்னு காமிச்சேன். விஞ்சு நின்னுச்சு. கயிறு அறுந்துச்சு." டம்ளரை மேஜையில் வைத்தார். "அவ்ளோதான். அப்பால கத்துனேன். எனக்கே என் சத்தம் கேக்கல."

"அப்போ நீங்க சரியாத்தானே செஞ்சிருக்கீங்க?"

"கை சரியா செஞ்சிச்சு டாக்டரு. மனசு? அவனுக்கு மேஸ்திரி வேல வந்தன்னிக்கு, வூட்டுக்குப் போற வழில, இவன கடலு வாரிகினு போவட்டும்னு நெனச்சேன். ஒரே ஒரு தபா. அப்பால அந்த விசிலயே எங்கிட்ட நீட்றாங்க."

நினைப்பது வேறு, செய்வது வேறு என்று டாக்டர் சொன்னார். அவருடைய தமிழில் அது மாமாவுக்குப் புரிந்ததோ இல்லையோ என்று நானும் ஒருமுறை சொன்னேன்.

"சாமியாரும் அதான் சொன்னாரு பாப்பா. மன்னிச்சாச்சு போடான்னாரு. திரும்பத் திரும்பப் போய் சொன்னேன்னு திட்டகூட செஞ்சாரு. அவரு மன்னிச்சு இன்னா? உள்ள கீறவன் ஒத்துக்கமாட்டேன்றானே."

டாக்டர் முன்னால் சாய்ந்தார். "உள்ள இருக்கிறவன் எப்படிப் பேசுவான்?"

"எங்க நைனா கணக்கா. சின்னதுல நான் ஒருத்தன அடிச்சேன்னு, கைய கட்டிப்போட்டாரு நைனா. 'இந்தக் கை இனிமே வோணாம்டா உனுக்கு'ன்னாரு. அதே கொரலு."

டாக்டரின் கண்கள் பளபளத்தன. எனக்குத் தெரியும், அவர் மனசில் புத்தகத்தின் மூன்றாவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. மேல்நான் என்பது பெரும்பாலும் பெற்றவர்களின் குரலை உள்ளே வாங்கிவைத்துக்கொண்டது என்று அவர் எனக்கு முன்பே டிக்டேட் செய்திருந்தார். நான் அதை டைப் அடித்தேன். அப்போது கொட்டாவி விட்டேன். இப்போது கேட்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் புரிந்துகொண்டார்.

"நான் சொன்னாலும் அவன் கேக்க மாட்டான், சாமியார் சொன்னாலும் கேக்க மாட்டான். யார் சொன்னா கேப்பான்?" என்று கேட்டார்.

மாமா இடது கையால் வலது கையைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். "அவன் பொண்டாட்டி" என்றார். அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கமே அவர் போகவில்லை.

அக்காவிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் அரிசியைப் புடைப்பதை நிறுத்தினாள், பிறகு, "எனக்கும்தான் அவங்க மேல வயித்தெரிச்சல்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை மூவரும் காசிமேட்டுக்குப் போனோம். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் நெருங்கிவிட்டிருந்தது. காண்ட்ராக்டர் ஆள் அனுப்பி வேறு விசாரித்துவிட்டார்.

அந்த அம்மா வீட்டுக்கு முன்னால் மணலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். மாமாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"வாண்ணா. இப்பதான் வழி தெரிஞ்சிச்சா? அவரு போனதும் இந்த வூடு உனக்கு கலீஜா பூட்ச்சா?"

மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மேஸ்திரி வேலையைச் சொன்னார், வழியில் நினைத்ததைச் சொன்னார், விசிலைச் சொன்னார். கிசுகிசுவென்று இல்லை. எதிர்வீட்டுக்காரிகள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா கையிலிருந்த கருவாட்டைக் கூடையில் எறிந்தாள்.

"இதுக்கா வராம கெடந்தே? ஏண்ணா, நீ ஒரு தபா நெனச்சே. அதுவும் மனசுக்குள்ள. நானு? தெனம் காலீல வாய தொறந்தாலே, பாடையில போவ, ஆத்தா வாரிகினு போவன்னுதான் அந்தாளு மூஞ்சீல முழிப்பேன். குடிச்சிட்டு வந்தா அதான் சொல்லுவேன், குடிக்காம வந்தாலும் அதான் சொல்லுவேன். உன் நெனப்புக்கு அவ்ளோ பவரு கீதுன்னா, என் வாய்க்கு அந்த மனுசன் கண்ணாலம் ஆன மறுமாசமே போயிருக்கணும்!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவளும் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் அது வேறு மாதிரி ஆகிவிட்டது. கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"அன்னிக்கும் சொன்னேண்ணா. அன்னிக்குக் காலீலயும். சோத்துத் தூக்க கைல குடுத்துகினே சொன்னேன், திரும்பி வராம போன்னு. வரல." நிமிர்ந்து மாமாவின் முகத்தைப் பார்த்தாள். "மேல நின்னுகினு பாத்தவன் நீதான். நீ சொல்லு. நான் சொன்ன சொல்லுதான் அவர கொண்டுகினு போச்சா?"

மாமா பதறிப்போனார். "அய்ய, இன்னாம்மா நீ! நீ சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா? கயிறு இத்துப்போய் இருந்துச்சும்மா. பாரம் மேல வரசொல்லோ பிரி பிரியா வுடறத என் கண்ணால பாத்தேன். ஒடனே நிறுத்துன்னு இப்படிக் காமிச்சேன். விஞ்சுக்காரனும் நிறுத்திட்டான். கயிறுதான் நிக்கல."

'இப்படி' என்றபோது அவருடைய வலது கை முஷ்டி மடங்கித் தலைக்கு மேலே போயிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. அந்த அம்மாவும் பார்க்கவில்லை, அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என் தோளைப் பிடித்து நசுக்கினாள். நாங்கள் இருவரும் மூச்சுக் காட்டவில்லை. மாமா கையை இறக்காமலே மறுபடியும் சொன்னார்.

"உம்மேல ஒண்ணும் இல்லம்மா. நான் பாத்தேன்."